மோட்டார் சைக்கிளின் பின்கையை நீட்டல் தகுமோ?

இயந்திரப் பொருள்களைப் பற்றிக் கல்லூரி மலரின் தமிழ்ப் பகுதியில் எழுதுதல் பொருந்துமோ என்று வினவுவார் சிலர் உளர். நம் மாணாக்கர் நாள்தோறும் எதைப் பற்றி உரையாடுகின்றனரோ, எதன்பொருட்டுத் தம் பெற்றோர் ஈட்டிய பொருளைச் செலவிடுகின்றனரோ, எதில் ஏறித் தம் உயிரையும் பணயம் வைக்கின்றனரோ, அதனைத் தமிழில் ஆராயாது விடுதல் தமிழுக்கும் நன்றன்று, அவர்க்கும் நன்றன்று. ஆதலின் பந்தயச் சாயலுடைய மோட்டார் சைக்கிள்களின் பின்கையைக் கழற்றிவிட்டு, அதனினும் நீண்ட வேறொன்றைப் பொருத்தும் வழக்கம் பற்றி ஈண்டுச் சில கூறத் துணிகின்றேன்.

பின்கை என்று யான் கூறுவது பட்டறைகளில் ‘ஸ்விங் ஆர்ம்’ என வழங்கும் உறுப்பையே. வண்டியின் சட்டத்தில் ஒரு குறுக்கு அச்சாணியில் கோக்கப்பெற்று, மறுமுனையிற் பின்சக்கரத்தைத் தாங்கி, கதவு கீலில் ஆடுவதுபோல மேலும் கீழும் ஆடுவது அது. ஊசற்கை எனலும் பொருந்தும். ஆயினும் பின்கை என்பது நாவிற்கு எளிது. இதன் நீளம் மிகுந்தால் முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடையேயுள்ள தூரமும் மிகும். அத்தூரத்தைச் சக்கர இடையளவு என்போம்.

இவ்வுறுப்புப் புதியதன்று. இத்தாலி நாட்டு மோட்டோ கூட்சி நிறுவனத்தார் 1928-ஆம் ஆண்டிலேயே பின்சக்கரம் ஆடும் வண்டியொன்றை இயற்றினர். இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தார் 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்த புல்லட் வண்டி, ஆடும் பின்கையைப் பொதுமக்களிடையே பரப்பியவற்றுள் முற்பட்டது. அவ்வண்டியே 1955 முதல் சென்னையில், திருவொற்றியூர்ப் பக்கத்தில், உருவாகத் தொடங்கியது. அதற்குமுன் பின்சக்கரம் சட்டத்தோடு விறைப்பாகப் பிணைந்திருந்தமையால், சாலையின் ஒவ்வொரு குழியும் ஓட்டுபவனுடைய முதுகெலும்பிற் பதிந்தது. பின்கை தோன்றியது முதற்கண் முதுகைக் காக்கவே, விரைவிற்காக அன்று.

இன்று நம் இளைஞர் அதனை நீட்ட விழைவது விரைவிற்காகவும் தோற்றத்திற்காகவும். தோற்றம் பற்றி யான் வழக்காட விரும்பவில்லை. நீண்டு தாழ்ந்த வண்டி கண்ணுக்கு இனிதாகத் தோன்றுமாயின் அஃது அவரவர் சுவை. விரைவைப் பற்றியே பேச வேண்டும். ஏனெனில் அதிற் கணக்கு உண்டு, கணக்கில் மெய்யும் பொய்யும் உண்டு.

நம் காவிரிக் கரையில் வண்டி கட்டியறிந்த முதியோர்க்கு இக்கணக்கைப் புதிதாகக் கற்பிக்க வேண்டுவதில்லை. நெல் மூட்டைகளை அடுக்கும்போது ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்று அவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூட்டைகள் அச்சுக்கு முன்னே மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அமுக்கும். பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பிப் பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். ஒரு மூட்டையை ஒரு சாண் நகர்த்தினாலே மாட்டின் நடை மாறும். மோட்டார் சைக்கிளிலும் இதுவே நிகழ்கின்றது. விரைவைத் திடீரெனக் கூட்டுங்கால் பாரம் பின்னே சாய்கின்றது. மிகச் சாய்ந்தால் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்புகின்றது. பின்சக்கரத்தை மேலும் பின்னே தள்ளி வைத்தால் வண்டி முன்பாரமாகி, எழும்புதல் குறைகின்றது. பின்கையை நீட்டுவதன் நியாயம் முழுதும் இவ்வளவே.

இந்நியாயம் எங்கே பிறந்தது என்பதை நோக்குக. சுசுகி நிறுவனத்தார் 1999-இல் வெளியிட்ட ஹயபூசா என்னும் வண்டி 1,298 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் 175 குதிரைத் திறனும் உடையது. அதன் சக்கர இடையளவு 1,485 மில்லிமீட்டர். அத்துணைத் திறனையும் ஒருசேரத் திறந்துவிட்டால் முன்சக்கரம் வானை நோக்கும். அமெரிக்க நாட்டில் கால் மைல், அஃதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் ஓடும் பந்தயக்காரர் அதனைத் தரையில் நிறுத்தவே பின்கையை நீட்டினர். அங்கே வளைவு இல்லை. எதிரே வரும் பேருந்து இல்லை. பின்னிருக்கையில் ஒருவரும் இல்லை. வண்டி செய்ய வேண்டுவது ஒன்றே: நேரே பாய்தல். அதற்கு அது தக்க மருந்து.

அம்மருந்தை நம் ஊர் வண்டிக்கு ஊட்டுவது எற்றுக்கு? யமஹா நிறுவனத்தார் 2008-இல் இந்தியாவில் வெளியிட்ட ஆர் 15 என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். கல்லூரி வாயில்களில் பெரிதும் காணப்பெறுவது அதுவும் அதன் பின்னோரும் ஆதலின். அம்முதல் வடிவின் திறன் 17 குதிரைத் திறன். எடை 131 கிலோ. 65 கிலோ எடையுள்ள மாணவன் ஒருவன் அதன்மேல் அமர்ந்துள்ளான் என்க. முதற் கியரில் அவ்வண்டி தன் முழு ஆற்றலுடன் இழுக்கும்போது பெறும் வேகவளர்ச்சி வினாடிக்கு வினாடி சுமார் 6 மீட்டர் அளவே. பாரத்தின் நடுப்புள்ளி சக்கரங்களுக்கு நடுவிலும் தரையினின்று 65 சென்டிமீட்டர் உயரத்திலும் இருப்பதாகக் கொண்டால், முன்சக்கரம் எழும்புதற்கு வேண்டிய வேகவளர்ச்சி வினாடிக்கு வினாடி 9.7 மீட்டர். எனவே இயந்திரத்தின் இழுப்பு மட்டும் அவ்வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கவே இயலாது. கிளட்சைத் திடீரென விடுத்தும் உடலைப் பின்னுக்கு இழுத்தும் தூக்கிக் காட்டுவோர் வேண்டுமென்றே தூக்குகின்றனர். இல்லாத நோய்க்கு மருந்துண்பதை யாதென்று சொல்வது!

பின்னிருக்கையில் ஒருவர் ஏறினால் கணக்குச் சிறிது மாறும் என்பதை மறைத்தல் முறையன்று. அவருடைய பாரம் பின்சக்கரத்தின் அச்சுக்கு நேர்மேலே வருகின்றது, வண்டி பின்பாரமாகின்றது. அப்போது நீண்ட பின்கை ஒருவாறு உதவும். ஆனால் அவ்வுதவியை நாடிப் பின்கையை நீட்டுவோர் எவரையும் யான் கேட்டதில்லை.

இனி இக்கூற்றிற்கு மாறாக இளைஞர் எடுத்துக்காட்டும் சான்று ஒன்றுண்டு, அது வலியது. ‘நிறுவனத்தாரே அல்லவோ நீட்டினர்?’ என்பர். மெய்தான். 2011-இல் வெளிவந்த ஆர் 15 இரண்டாம் வடிவில் எஃகுப் பின்கைக்கு மாற்றாக அலுமினியப் பின்கை அமைந்தது. அது முன்னதினும் நீண்டது. சக்கர இடையளவு 1,290 மில்லிமீட்டரினின்று 1,345 மில்லிமீட்டராக, அஃதாவது 55 மில்லிமீட்டர், கூடிற்று. அது கண்டே முதல் வடிவு வைத்திருந்தோர் பலர் இரண்டாம் வடிவின் பின்கையை வாங்கித் தம் வண்டியிற் பொருத்த முற்பட்டனர். ஆயினும் நிறுவனத்தார் பின்கையை மட்டுமா மாற்றினர்? பின் டயர் 100 மில்லிமீட்டர் அகலத்தினின்று 130 மில்லிமீட்டர் அகலமாயிற்று. பின் பற்சக்கரம் பெரிதாயிற்று. இயந்திரத்தை ஆளும் மின்னணுக் கருவியின் ஏற்பாடு மாறிற்று. வால்பகுதியும் இருக்கையும் புதியனவாயின. ஓர் உறுப்பின் நீளம் மாறியபோது அதனோடு உறவுடைய உறுப்புகள் எல்லாவற்றையும் கூட்டிவைத்துப் பேசி முடித்தனர். இதனினும் கருதத்தக்கது, 2018-இல் இந்தியாவிற்கு வந்த மூன்றாம் வடிவில் சக்கர இடையளவு 1,325 மில்லிமீட்டராகக் குறைந்தது. திறன் கூடிய வண்டியில் நீளம் 20 மில்லிமீட்டர் சுருங்கிற்று! நீளமே நலமாயின் இது நிகழ்ந்திராது.

அவ்விளைஞர் பெரிதும் போற்றும் ஆர் 1 வண்டியின் வரலாறு இன்னும் சுவையுடையது. 1998-இல் அது வெளிவந்தபோது அதன் சக்கர இடையளவு 1,395 மில்லிமீட்டரே; ஆயிரம் கன சென்டிமீட்டர் வண்டிக்கு அது வியத்தகு குறுக்கம். எனினும் அதன் பின்கை நீண்டது. எவ்வாறு இயன்றது? பற்சக்கரப் பெட்டியின் தண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிடத்தாது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். இயந்திரம் முன்பின்னாகக் குறுகிற்று. அக்குறுகிய இடத்தைப் பின்கைக்கு ஈந்தனர். பின்கை நீண்டால் சக்கரம் மேலும் கீழும் ஆடும் வளைவு மெல்லிதாகும். சங்கிலியின் இழுப்பால் வண்டியின் பின்புறம் எழுந்தமிழ்தல் அடங்கும். இந்நலத்தை வண்டியை நீட்டாமலே பெற்றதுதான் அதனை ஆக்கியோரின் அறிவு. நம் பட்டறையில் நீட்டுவதோ பின்கையையும் நீட்டி, வண்டியையும் நீட்டுவது. பெயர் ஒன்று, செயல் வேறு.

நீட்டியபின் வண்டிக்கு என்ன நேர்கின்றது? கணக்கிற்காகப் பழைய பின்கை 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதனை 55 மில்லிமீட்டர் நீட்டினால் நெம்புகோல் நீளுகின்றது; ஆனால் ஷாக் அப்சார்பரின் சுருள்வில் அங்ஙனமே இருக்கின்றது. நெம்புகோல் விகிதத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப வில்லின் விறைப்புச் சக்கரத்தில் உணரப்படுவது குறையும். 500-ஐ 555-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: நூற்றில் 81 பங்கு. ஐந்தில் ஒரு பங்கு விறைப்புப் போயிற்று. நேர்ப்பந்தயக்காரரைப் போல 150 மில்லிமீட்டர் நீட்டினால் நூற்றில் 59 பங்கே எஞ்சும். வில் தளரவே பின்புறம் தாழ்கின்றது. பின்புறம் தாழவே முன் கவைக்கோல் சாய்கின்றது. அது சாயவே வண்டி திரும்ப மறுக்கின்றது. ஒன்றைத் தொட்டோம், நான்கு நெகிழ்ந்தன.

திரும்பும் வட்டமும் பெரிதாகும். கைப்பிடியை எத்துணைத் திருப்பினாலும் 1,290-க்கு 1,345 என்ற அளவில் வட்டத்தின் ஆரம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடும். 1,500 மில்லிமீட்டருக்கு நீட்டினாலோ பதினாறு பங்கு கூடும். நிறுத்தத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கின்றது. நீண்ட வண்டி நன்றாக நிற்கும் என்பர். முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பும் எல்லை, முன் அச்சுக்கும் பாரத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தையும் நடுப்புள்ளியின் உயரத்தையும் பொறுத்தது. பின்கையை நீட்டுதல் அவ்விரண்டையும் ஏறத்தாழத் தொடுவதே இல்லை. அன்றியும், வண்டி முன்பாரமாகிவிட்டமையால் பின்சக்கரத்தின்மேல் எடை குறைந்து, ஈரத் தரையில் பின் பிரேக்கை மிதித்தவுடன் சக்கரம் முன்னிலும் விரைவில் வழுக்கும்.

ஈரத்தரை என்றவுடன் சீர்காழிப் பக்கத்தார்க்கு விளக்கம் வேண்டுவதில்லை. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. நம் ஊர்ச் சாலைகள் பல வாய்க்காற் கரைகளே. வாய்க்கால் வளையுமிடமெல்லாம் சாலையும் வளையும். மதகு வருமிடத்தில் திடீரென ஒடுங்கி மேடேறும். சம்பா நடவுக் காலத்தில் வயலினின்று ஏறும் டிராக்டர்கள் தார்ச்சாலையிற் சேற்றைத் தடவிச் செல்கின்றன. தை மாசிகளில் அதே சாலையிலே நெல்லும் வைக்கோலும் காய்கின்றன. திருமுல்லைவாசலுக்கோ, திருவெண்காட்டின் வழியே பூம்புகாருக்கோ செல்வோர் எத்தனை முறை குறுக வளைய வேண்டும், எத்தனை முறை ஆட்டிற்கும் மாட்டிற்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஒதுங்க வேண்டும் என்பதை எண்ணிப் பார்க்கட்டும். 402 மீட்டர் நேர்கோட்டிற்கென்று நீட்டிய வண்டியைக் கொண்டு இச்சாலையிற் செல்வது, தேர்வடத்தைக் கொண்டு கன்றைக் கட்டுவது போலும். வேகத்தடைகளிலும் இடருண்டு: சக்கரங்கள் விலக விலக, மேட்டின் முகடு வண்டியின் அடிவயிற்றை எளிதில் தீண்டும். நீட்டுவோர் பெரும்பாலும் வண்டியைத் தாழ்த்தவும் செய்வதால் இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டியே அத்தீண்டலைத் தாங்க நேரும்.

இவை அனைத்தும் செம்மையாகச் செய்யப்பட்ட பின்கைக்கு. ஆலையில் வார்த்த பின்கையை விலைகொடுத்து வாங்க மாட்டாதார், இருப்பதையே நடுவில் அறுத்து, இடையில் ஒரு துண்டை வைத்துப் பற்றவைத்துக் கொள்கின்றனர். இதனைக் குறித்து மட்டும் யான் சிறிதும் விட்டுக்கொடேன். நம் பட்டறைத் தொழிலாளரின் கைத்திறனைக் குறைத்துக் கூறுவது என் கருத்தன்று. கலப்பைக் கொழுவும் களத்துக் கதவும் பற்றவைத்தல் வேறு, ஒவ்வொரு வினாடியும் முறுக்குண்டும் வளைவுண்டும் செல்லும் உறுப்பைப் பற்றவைத்தல் வேறு. வெப்பத்தாற் பதனிடப்பெற்ற அலுமினியக் கலவை, பற்றவைத்த இடத்தின் அருகே தன் வலிமையிற் பெரும்பகுதியை இழந்துவிடும். அதனை மீண்டும் பதனிடும் உலை நம் பட்டறைகளில் இல்லை. எஃகிலோ மயிரிழையளவான வெடிப்பு உள்ளே தோன்றிப் பல மாதம் வெளித்தெரியாது வளரும். பின் ஒருநாள் ஒரு குழியில் இறங்கும்போது, நீண்ட நெம்புகோலின் மிகுந்த வளைதிறனும் சேர்ந்து, அது முறியும். முன்னறிவிப்பு எதுவும் இராது.

சட்டம் என்ன சொல்கின்றது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் ஆக்கியோர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. சக்கர இடையளவு அவ்விவரங்களுள் ஒன்று. ஆகவே பின்கையை நீட்டியவன் ஆர்.சி. புத்தகத்தில் எழுதிய எண்ணையே பொய்யாக்குகின்றான். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரள நாட்டிலிருந்து வந்த வழக்கொன்றில், இப்பிரிவின் கடுமையை ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டிற்று. அவ்வாண்டின் திருத்தச் சட்டம் ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு. அச்செலவு தந்தையின் தலையில் விழும். உடற்குறையுடையோர்க்காக வண்டியைத் திருத்தியமைக்க மட்டும் உரிய அனுமதியுடன் அதே சட்டம் வழிவிட்டிருக்கின்றது. தேவைக்கு வாயில் திறந்த சட்டம் விரைவிற்குத் திறக்கவில்லை என்பதில் எனக்குக் குறையில்லை.

சட்டத்தில் மற்றொரு சிறு விதியும் உண்டு. அதனை எடுத்துரைப்பார் அரியர். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னே அமர்வோர்க்குக் கைப்பிடியும், கால்மிதியும், பின்சக்கரத்திற் பாதிக்குக் குறையாது மறைக்கும் காப்பும் வேண்டும் என்கின்றது. உடுத்த துணி சக்கரத்திற் சிக்காதிருக்கவே அக்காப்பு; நாம் சேலைக் காப்பு என்கின்றோம். அது பழைய சக்கரத்தின் இடத்திற்கென அளந்து செய்யப்பட்டது. சக்கரம் பின்னே போய்விட்டால் அது வெறுங்காற்றைக் காக்கும். நீட்டுவோர் பலர் அதனைக் கழற்றியே எறிந்துவிடுகின்றனர். அவ்வண்டியில் தாயையோ தமக்கையையோ வைத்தீசுவரன் கோயிலுக்கு ஏற்றிச் செல்பவன் முந்தானையின் நுனி எங்கே பறக்கின்றது என்று திரும்பிப் பார்க்க இயலுமா?

விரைவின்மேல் இளமைக்குள்ள வேட்கையை வைதுபயனில்லை. விழுப்புரத்தினின்று நாகப்பட்டினம் செல்லும் பெருவழி நால்வழியாக விரிய விரிய அவ்வேட்கையும் விரியும். அதற்குரிய இடம் நம் நாட்டிலேயே உண்டு. 1953-இல் தொடங்கிய சென்னை மோட்டார்ப் பந்தயக் கழகத்தார், இரண்டாம் உலகப் போர்க்காலத்துச் சோழவரம் விமானத் தளத்தில் பல்லாண்டு பந்தயம் நடத்தினர். பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் தமக்கெனப் பந்தயக்களம் அமைத்துக்கொண்டனர். ஆர் 15 வண்டிகளுக்கென்றே தனிப்பந்தயங்கள் அங்கு நிகழ்ந்துள்ளன. பின்கையை மாற்ற விழைவோன் வண்டியைச் சாலைப் பதிவினின்று பிரித்து, சுமையுந்தில் ஏற்றி அங்கே கொண்டுசெல்லட்டும். அதற்குப் பொருள் மிக வேண்டும் என்பது உண்மை. டெல்டா மாவட்டங்களுள் ஒன்றிலேனும் எளியோரும் அணுகத்தக்க ஒரு குறுங்களம் அமையுமாறு அரசினரை வேண்டுதல் நம் போன்ற கல்லூரிகளின் கடன் எனக் கருதுகின்றேன். வழிமறித்து அபராதம் விதிப்பதனால் மட்டும் இவ்வழக்கம் ஒழியாது. ஊர்ப்புறச் சாலைக்கு ஒதுங்கும்.

அதற்கு முன்னே பௌதிக வகுப்பினர் செய்யத்தக்கது ஒன்றுண்டு. நெல் நிறுக்கும் தட்டுத் தராசுகள் இரண்டை ஒருநாள் இரவல் பெற்று, சமதரையில் வைத்து, முன்சக்கரத்தை ஒன்றிலும் பின்சக்கரத்தை மற்றொன்றிலும் நிறுத்துக. ஓட்டுபவனை ஏற்றி இரு எடைகளையும் குறித்துக்கொள்க. பின்னிருப்பவரையும் ஏற்றி மீண்டும் குறித்துக்கொள்க. பின் அச்சினை அதன் துவாரத்தின் முன்கோடியினின்று பின்கோடிக்கு நகர்த்தி, எடை எவ்வளவு மாறுகின்றது என்று காண்க. நீட்டாமலே, சட்டத்தை மீறாமலே, இரண்டு மூன்று சென்டிமீட்டர் செய்யும் வேறுபாட்டைத் தராசு காட்டும். அவ்வெண்களினின்று 55 மில்லிமீட்டருக்கும் 150 மில்லிமீட்டருக்கும் கணக்கிடுதல் இடைநிலை மாணவனுக்கும் எளிது. சங்கிலியையும் மறவற்க: 55 மில்லிமீட்டர் நீட்டினால் மேலும் கீழுமாக 110 மில்லிமீட்டர் சங்கிலி வேண்டும், ஒரு கண்ணி 12.7 மில்லிமீட்டர், வகுத்தால் எட்டரைக்குச் சற்று மேல். இணைப்புக் கண்ணி பொருந்த இரட்டை எண்ணே வேண்டுமாதலின் எட்டோ பத்தோ சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்தால் அச்சு துவாரத்தில் எங்கே நிற்கும் என்பதை முதலாண்டு மாணவர் கணக்கிட்டு, வரும் ஆண்டு மலருக்கு எழுதி அனுப்பலாம்.